கல்லு அரக்கு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: கல்யாணமாகி ஐந்தே மாதத்தில் குடிகாரி என்று பெயரெடுத்தவள் நான். ஊர் முழுக்க இல்லை, ஒரே ஒருவரிடம்தான். ஆனால் அந்த ஒருவர் பாண்காரர். (பாண் என்றால் எங்கள் பக்கத்தில் ரொட்டி. இந்தியாவில் இருக்கிற சொந்தக்காரர்கள் வெற்றிலைச் சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.) தினமும் ஆறு தோட்டத்து வாசல்களில் நின்று பேசுகிற மனுசன். இத்தனைக்கும் இன்றுவரை நான் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. இருமல் மருந்தைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் விழுங்குவேன். எல்லாம் ஒரு மெழுகுதிரியாலும், சிங்களத்தில் ஒரே ஒரு சொல் எனக்குத் தெரியாததாலும் வந்த வினை.

அறுபதுகளின் ஆரம்பம். நான் ஹட்டன் டவுனில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குத் தபால் கந்தோரில் பை கட்டி முத்திரை வைக்கிற வேலை. என்னைக் கட்டிக்கொடுத்தது பொகவந்தலாவைப் பாதையில் ஒரு தோட்டத்துக்கு. என் கணவர் அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுப்பவர். படித்தது மருந்து கலக்கத்தான் என்றாலும் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற தொழிலாளிச் சனம் 'டாக்டரையா' என்றுதான் கூப்பிடும். அந்த வகையில் நானும் இருபத்தோரு வயதில், ஒரு பரீட்சையும் எழுதாமல், டாக்டரம்மா ஆகிவிட்டேன்.

டிஸ்பென்சரியை ஒட்டினாற்போல் எங்கள் வீடு. வீட்டில் நாங்கள் இரண்டு பேர், அப்புறம் என் கணவரின் அம்மா, அதாவது அத்தை. உண்மையில் வீட்டில் இருந்தது அத்தை. நாங்கள் இரண்டு பேரும் அவர் பார்வையில் குடியிருந்தோம். அத்தைக்கு உலகத்தில் இரண்டே எதிரிகள். ஒன்று தூசி. மற்றது சாராயம். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார். சனிக்கிழமை சாயந்திரமானால் கையில் செபமாலையோடு லயத்துப் பக்கம் கிளம்புவார். அத்தை வருகிறார் என்று தெரிந்ததும் தேயிலைச் செடிக்குள் பதுங்குகிறவர்கள் உண்டு. அத்தை செடிக்குள்ளும் புகுந்து தேடுவார்.

அந்த மெழுகுதிரி அத்தையின் கல்யாணத்துக்கு வந்த பரிசு. கண்டியில் கன்னியாஸ்திரிகள் கையால் செய்தது. முழங்கை நீளம், மணிக்கட்டுப் பருமன். வெள்ளைத் திரியைச் சுற்றிப் பச்சைக் கொடி, கொடியில் ரோஸ் நிறத்தில் மெழுகு ரோஜாக்கள், உச்சிக்குச் சற்றுக் கீழே சிறகை விரித்த ஒரு மெழுகுப் புறா. முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே மேசையில் நிற்கும். எங்கள் தோட்டத்தில் குடியை விடுகிறவர்கள் அந்தத் திரியில் வலது கையை வைத்துத்தான் சத்தியம் செய்ய வேண்டும். அத்தை ஏற்படுத்திய வழக்கம். சத்தியம் முடிகிற வரைக்கும் ஏற்றி வைத்துவிட்டு உடனே அணைத்துவிடுவார். அத்தனை வருஷத்தில் உச்சியில் ஒரு விரற்கடை கரைந்திருந்தால் அதிகம். (அந்த அளவுகூடக் கரையாமல் என்ன செய்யும்? சிலர் வருஷத்துக்கு ஒரு தடவை தவறாமல் வந்து குடியை விட்டுவிட்டுப் போனார்கள்.)

ஆடி மாதம். மழை என்றால் இப்படி அப்படி மழையில்லை, எதிர் மலை காணாமல் போய் ஒரு வாரமாயிற்று. பொகவந்தலாவையில் இருக்கிற என் நாத்தனாருக்கு உடம்பு சரியில்லை என்று அத்தை புறப்பட்டார். சனிக்கிழமை திரும்பியாக வேண்டும். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஃபாதர் வந்து பூசை வைக்கிற நாள். அதைவிட முக்கியம், பூசை முடிந்ததும் இஞ்சின் அந்தோணி எங்கள் வீட்டில் சத்தியம் செய்யப் போகிறார்.

இஞ்சின் அந்தோணி தேயிலை ஃபெக்டரியில் இஞ்சின் ஓட்டுகிறவர். கெட்டிக்காரர், நல்ல மனுசர், குடித்தால் மட்டும் இஞ்சினோடு சண்டை போடுவார். அத்தை நாலு வருஷமாக அவர் பின்னால் அலைந்தும் மசியவில்லை, கடைசியில் அந்தோணியின் மனைவி சொன்ன ஒரு சொல்தான் அவரை மடக்கியது. "இந்த வாட்டி சத்தியம் பண்ணல, இல்ல பண்ணிட்டு மீறுனீங்க, பிள்ளைங்கள தூக்கிக்கிட்டு தலவாக்கொல்லைக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்." சும்மா மிரட்டுகிற பெண் இல்லை அவள். துணிமணியைக் கட்டி வைத்தாயிற்று என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

பஸ் ஏறுவதற்கு முன் அத்தை என்னைக் கூப்பிட்டார்.

"ரெஜினா, திரியத் தொடாத. தூசி தட்டாத. அதப் பாக்காத."

"பாக்கக்கூடவா அத்த வேணாம்?"

"பாத்தா தொடத் தோணும்."

என்னை எவ்வளவு சரியாக அளந்து வைத்திருந்தார் என்று இப்போது நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. புதன்கிழமை காலையில் பார்த்தேன். பார்த்ததும் தொடத் தோன்றியது.

தொடாமலும் எப்படி இருப்பது? திரியின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூத்திருந்தது. எங்கள் ஊர் மழையில் கழற்றி வைத்த செருப்புக்கே இரண்டு நாளில் மீசை முளைக்கும். துடைத்தால் ரோஜா உதிர்ந்துவிடும் என்று பயம். ஈரத்தால் வந்தது பூஞ்சணம், ஆகவே காயவைத்தால் போய்விடும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. மழைக்காலத்தில் துணி காயவைக்க எங்கள் வீடுகளில் ஒரு முறை உண்டு: கரிச்சட்டியில் தணல் போட்டு, அதன்மேல் பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, கூடை மேல் துணியைப் பரப்பிவிடுவோம். துணிக்கு ஆகிறது, திரிக்கு ஆகாதா? (மெழுகு சூட்டில் உருகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.) திரியைக் கூடை மேல் படுக்க வைத்துவிட்டு, இரண்டு நிமிஷம் என்று நினைத்துக் கதைப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தேன்.

கதாநாயகிக்குக் கல்யாணம் ஆனதும் போய்ப் பார்த்தேன். திரி, பெரிய துரையைக் கண்ட கங்காணி போல இடுப்பை வளைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. ரோஜாக்கள் ஒன்றோடொன்று கலந்து வழிந்து போயிருந்தன. புறா பாதி தூரம் சறுக்கி வந்திருந்தது, அலகைக் காணோம்.

அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். சூடாக இருக்கும்போதே மெதுவாக நிமிர்த்தியிருந்தால் நிமிர்ந்திருக்கும் என்று பிற்பாடு எல்லோரும் எனக்குச் சொல்லித்தந்தார்கள். நான் செய்தது வேறு. சூட்டில் தொட்டால் இன்னும் கெடும் என்று அப்படியே தூக்கிக்கொண்டு ஓடிப்போய், வெளியே பீலியில் கொட்டுகிற தண்ணீரில் பிடித்தேன். மலையிலிருந்து நேராக வருகிற தண்ணீர், கை விறைத்துவிடும். திரி நன்றாக இறுகிய பிறகு, முழங்காலில் வைத்து, விறகு முறிக்கிற தோரணையில் நிமிர்த்தினேன். 'சடக்.'

இரண்டு துண்டு. நடுவில் திரிநூல் மட்டும் இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. நான் பீலியடியிலேயே உட்கார்ந்து அழுதேன். திரிக்காக இல்லை. வந்த ஐந்து மாதத்தில் இரண்டு பீங்கான் கோப்பை, ஒரு விளக்குச் சிமினி, அத்தையின் மூக்குக்கண்ணாடி என்று என் கணக்கு ஏற்கனவே நீளம். 'இவள் கையில் வீட்டை எப்படிக் கொடுப்பது' என்று அத்தை என் காதுபடவே கேட்டிருந்தார். இனி இந்த வீட்டில் எனக்கு ஒரு தீப்பெட்டியைக்கூட நம்பித் தரமாட்டார்கள்.

கணவரிடம் சொல்லலாம். ஆனால் அவருக்கு ஒரு வியாதி உண்டு: பொய் சொல்ல வராது. அம்மா முகத்தைப் பார்த்தாலே, கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுவார். ஆகவே அவர் டிஸ்பென்சரிக்குப் போயிருந்த நேரத்தில், வியாழக்கிழமை, நானே வைத்தியத்தில் இறங்கினேன்.

முதலில் சாதாரண மெழுகுதிரி நாலை உடைத்து அடுப்பில் வைத்து உருக்கினேன். கைக்கு அகப்பட்ட பாத்திரம் அத்தையின் மீன் சட்டி. உருகிய மெழுகை வெடிப்பில் ஊற்றினால், அது உள்ளே போகாமல் வெளியே வழிந்து, வழிந்த இடத்திலேயே உறைந்துவிட்டது. திரிக்குக் கழலை வந்தாற்போல் ஆயிற்று. சரி, எலும்பு முறிந்தவர்களுக்கு என் கணவர் கட்டுப் போடுவதைப் பார்த்திருக்கிறேனே என்று, கவ்வாத்து வெட்டிக் கிடந்த தேயிலைக் குச்சிகளில் நேரானதாக நாலைப் பொறுக்கி வந்து, முறிவைச் சுற்றி நிறுத்தி, அவர் பையிலிருந்து எடுத்த பிளாஸ்டரைச் சுற்றினேன். திரி நின்றது. சற்றே மேற்குப் பக்கம் சாய்ந்து நின்றது.

அடுத்தது ரோஜா. நிறத்துக்கு எங்கே போவது? நுவரெலியா பீட்ரூட் இரண்டு கிடந்தது. துருவிப் பிழிந்து, சாற்றை மெழுகில் ஊற்றினேன். தண்ணீரும் மெழுகும் ஜென்மப் பகை என்று அப்போதுதான் தெரிந்தது. சட்டி வெடித்துத் துப்பியது. சுவர், என் சேலை, மாதக் கலண்டர் எல்லாம் சிவப்பு, தேய்த்துக் கழுவவே மத்தியானமாயிற்று. மிஞ்சியதை உருட்டி இதழ் இதழாகப் பிடித்துப் பார்த்தேன். ரோஜா மாதிரி இல்லை. டிஸ்பென்சரியில் பல் பிடுங்கிக்கொண்டு போகிறவர்களின் ஈறு மாதிரி இருந்தது. புறாவை மறுபடி மேலே ஒட்டி, அலகு வைத்தேன். வைத்ததும் அது கோழியாகிவிட்டது.

குச்சியும் பிளாஸ்டரும் சத்தியத்துக்கு ஆகாது. முறிவைச் சரியாக ஒட்டினால் கட்டைப் பிரித்துவிடலாம். எதை வைத்து ஒட்டுவது என்று யோசித்தபோதுதான் அப்பா ஞாபகம் வந்தார். தபால் பை வாயைக் கட்டி, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்துவாரே! ஒட்டினால் ஒட்டினதுதான். வீட்டில் உடைந்த சீப்பு, பொம்மை, குடைப்பிடி எல்லாவற்றையும் அப்பா அரக்கில்தான் ஒட்டுவார். தோட்டத்து ஆபீசில் அரக்கு இருக்கும், ஆனால் ஆபீசில் கேட்டால் பத்து நிமிஷத்தில் என் கணவருக்குத் தெரிந்துவிடும். டவுனுக்குப் போய்வருகிற, தோட்டத்தைச் சேராத ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் பாண்காரர் வந்தார்.

பியதாச கீழே கிராமத்திலிருந்து வருகிற சிங்களவர். சைக்கிளில் பாண் பெட்டியைக் கட்டி, மேடு முழுக்கத் தள்ளிக்கொண்டே வருவார். தமிழ் ஓரளவு பேசுவார். எனக்குச் சிங்களத்தில் 'வா', 'போ', 'எவ்வளவு' மூன்றும் தெரியும். வாசலில் அவரை ஓரமாகக் கூப்பிட்டேன். (மாத்தயா, நோனா என்பதெல்லாம் சிங்களத்தில் ஐயா, அம்மா என்கிற மாதிரி.)

"மாத்தயா, எனக்கு ஒரு சாமான் வேணும். யாருக்கும் தெரியக்கூடாது."

"சொல்லுங்க நோனா."

"அரக்கு."

பியதாச பாண் பெட்டி மூடியைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார்.

"அரக்கு? ஐயாவுக்கா?"

"ஐயாவுக்கு இல்ல, எனக்கு. ஐயாவுக்குத் தெரியவே கூடாது. எங்க அத்தைக்குத் தெரிஞ்சா அம்புட்டுத்தான்."

"நோனாவுக்கு!" சுற்றுமுற்றும் பார்த்தார். "நோனா சின்ன வயசுதானே?"

வயசுக்கும் அரக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. சாமான் நல்லதாக அமைய வேண்டுமே என்பதுதான் என் கவலை.

"கண்டதையும் வாங்கியாந்துராதீங்க. தண்ணியா கொழகொழன்னு இருக்கிறது வேணாம். கல்லு மாதிரி இருக்கணும். கல்லு அரக்கு."

"ஆ, கல் அரக்கு!" அவர் முகத்தில் திடீரென்று ஒரு மரியாதை. "நோனாவுக்கு நல்லது எதுன்னு தெரியும்."

"தெரியாம? எங்க அப்பா கையில அரக்கு இல்லாத நாளே இல்ல. காலையில தபால் போறதுக்கு முந்தி ஒருக்கா, சாயந்திரம் ஒருக்கா. சின்னதுல இருந்து பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தானே வளந்தேன்."

"அனே!" என்று பரிதாபப்பட்டார் பியதாச. "அப்பா இப்ப?"

"ரிட்டயர் ஆயிட்டாரு. இப்ப கை நடுங்குது."

"நடுங்கும் தானே," என்று வருத்தமாகத் தலையை ஆட்டினார். "எவ்வளவு வேணும்?"

அரக்குக் குச்சியின் நீளத்தை நினைத்து, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை காட்டினேன். "இம்புட்டு இருந்தாப் போதும்."

"ஹரி நோனா. காலக்." காலையில் கொண்டுவருகிறேன் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ('ஹரி' என்றால் சரி. 'காலக்' என்றால் சிங்களத்தில் கால் பங்கு. அவர் சொன்னது அளவு.)

"தண்ணி மட்டும் படவே கூடாது மாத்தயா. தண்ணி சேந்தா கெட்டுப்போயிரும்."

"தண்ணி இல்லாமலா!" பியதாச நெஞ்சில் கை வைத்தார். "நோனா, மெதுவா, மெதுவா. கொஞ்சம் கொஞ்சமா."

"பயப்படாதீங்க. ஒரே மூச்சில முடிச்சிருவேன்."

அவர் போகும்போது மூன்று தடவை திரும்பிப் பார்த்தார். என்ன நல்ல மனுசன், ஒரு திரிக்காக இவ்வளவு கவலைப்படுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன். எதற்கு என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பியதாச சனிக்கிழமை காலையில் வந்து 'நாளைக்கு' என்று கிசுகிசுத்தார். மத்தியானம் அத்தை வந்துவிட்டார். குடையை மடக்கியதும் முதலில் பார்த்தது மேசையைத்தான். திரிக்கு மேல் வியாழக்கிழமையே வெள்ளைத் துணியைப் போர்த்தி வைத்திருந்தேன்.

"ஏன் மூடியிருக்க?"

"தூசி படக்கூடாதுன்னுதான் அத்த. நாளைக்கு ஃபாதர் வந்ததும் தொறப்போம்."

அத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "பரவாயில்லயே, உனக்கும் பொறுப்பு வந்திருச்சு" என்றார். ஐந்து மாதத்தில் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. 

ஞாயிறு விடியற்காலையிலேயே பியதாச வந்துவிட்டார். ஒரு ராத்தல் பாண் இரண்டை என் கையில் வைத்து, அடியில் இருந்ததைத் தட்டிக்காட்டி, "இது நோனாவோட பாண், உள்ள இருக்கு" என்றார். அதை எடுத்து ஒளிக்கலாம் என்று திரும்பினால் பின்னால் அத்தை. பூசையில் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்குகிறவர்கள் பூசை முடிகிற வரைக்கும் பட்டினி. ஆகவே இரண்டு பாணையும் வாங்கிச் சாப்பாட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். போனால் போகட்டும், திரும்பி வந்ததும் பாண் வெட்டுகிற வேலையை நான் வாங்கிக்கொண்டால் சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அப்போதெல்லாம் பூசை லத்தீனில். ஒரு சொல்லும் விளங்காது என்பதால் நம்முடைய சொந்த விண்ணப்பங்களுக்கு நிறைய நேரம் கிடைக்கும். நான் அரக்கையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அந்தோணி, வெளுத்த சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பக்கத்தில் மனைவி, இடுப்பில் சின்னது. அந்தோணியின் கழுத்துப் பின்புறம் வியர்த்திருந்தது. அவ்வளவு குளிரில்.

பூசை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தோம். ஃபாதர் நாற்காலியில். அந்தோணியும் மனைவியும் பெஞ்சில். என் கணவர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "நான் வெட்டுறேன் அத்த" என்று கத்திக்குக் கை நீட்டினேன். "ஃபாதருக்கு நான்தான் வெட்டுவேன்" என்றார் அத்தை. முதல் பாண் ஒழுங்காக வெட்டுப்பட்டது. இரண்டாவதில் கத்தி பாதி இறங்கி, 'டங்' என்றது.

"என்னடா இது, கல்லப் போட்டு சுட்டிருக்கான்?" என்று அத்தை பாணைப் பிளந்தார். உள்ளே குடைந்து, சிங்களப் பேப்பரில் சுற்றி, நேர்த்தியாக வைத்திருந்த கால் போத்தல் சாராயம் வழுக்கி வெளியே வந்து, மேசையில் உருண்டு, ஃபாதரின் தேநீர்க் கோப்பையில் இடித்து நின்றது.

 எல்லோருடைய கண்ணும் ஒன்றாக அந்தோணி பக்கம் திரும்பியது.

"மாதா சத்தியமா என்னுது இல்ல!" அந்தோணி எழுந்தே விட்டார். "காலையில இருந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கலம்மா!"

"பாண்காரனும் நீயும் கூட்டாளிதானே?" என்றார் அத்தை.

அந்தோணியின் மனைவி சின்னதை இடுப்பில் ஏற்றி, முந்தானையைச் செருகிக்கொண்டாள். "நான் போறேன் ஃபாதர். மத்தியான பஸ்ஸுக்கே போறேன்." அந்தோணி அவளைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். செய்யாத குற்றத்துக்கு அவ்வளவு பெரிய மனுசன் கண்கலங்கி நின்றதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. போத்தல் எப்படி வந்தது என்று எனக்கு முழுசாக விளங்கவில்லை. ஆனால் அது யார் கேட்டு வந்த பாண் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம். ஒரு கணம் மூடிக்கொண்டும் இருந்தேன். அந்த ஒரு கணத்துக்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

"அது என்னுது," என்றேன்.

"என்னது?" என்றார் அத்தை.

"பாண் மாத்தயாகிட்ட நான்தான் கேட்டேன். எனக்குத்தான் வந்துச்சு."

அத்தை கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார். "எத்தன நாளா?"

"ரெண்டு நாளா அத்த."

பொய் சொல்ல வராத என் கணவர் இந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தார். "டிஸ்பென்சரியில ஸ்பிரிட்டு கொறையிற மாதிரி எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சும்மா."

"ஐயோ, நான் கேட்டது இது இல்ல!" என்று கத்திவிட்டேன். "நான் கேட்டது அரக்கு! கல்லு மாதிரி அரக்கு! திரிய ஒட்டுறதுக்கு!"

"எந்தத் திரிய?" என்றார் அத்தை.

இனி மறைக்க என்ன இருக்கிறது? போய்த் துணியை எடுத்தேன். பிளாஸ்டர் சுற்றி, குச்சி கட்டி, ஈறு ஈறாகப் பூத்து, திரி மேற்கே சாய்ந்து நின்றது. ஃபாதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து, உச்சியைச் சுட்டினார்.

"இது என்னம்மா, கோழியா?"

"பரிசுத்த ஆவி, ஃபாதர்."

"கட்டு நல்லாத்தான் போட்டிருக்கா," என்றார் என் கணவர், தொழில் மரியாதையோடு.

அப்போது பெஞ்சுப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். அந்தோணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிகிறது. "டாக்டரம்மா... கல்லு அரக்குன்னா கேட்டீங்க? பியதாசகிட்டயா? அம்மா, ஃபாதர், சிங்களத்துல அரக்குன்னா சாராயம்! கல் அரக்குன்னா அதுல ஒசத்திச் சரக்கு! நான்கூட நல்ல நாளு பெருநாளுக்குத்தான் கல் அரக்கு குடிப்பேன்!" அந்த விஷயத்தில் அவரைவிடப் பெரிய பண்டிதர் தோட்டத்தில் இல்லை. ஃபாதர் முதலில் இருமினார், பிறகு இருமலை விட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அந்தோணியின் மனைவி சின்னதைக் கீழே இறக்கிவிட்டாள்.

அத்தை சிரிக்கவில்லை. திரிக்கு முன்னால் போய் நின்று, பிளாஸ்டரை விரலால் தொட்டுப் பார்த்தார். "மன்னிச்சிருங்க அத்த" என்று நான் அழுதது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஃபாதர் பக்கம் திரும்பி, "ஃபாதர், இதுல சத்தியம் செல்லுமா?" என்றார்.

"செல்லும்," என்றார் ஃபாதர்.

அத்தை தீக்குச்சியைக் கிழித்துத் திரியை ஏற்றினார். கோழியின் உடம்பில் ஒட்டியிருந்த பீட்ரூட் சாறு சூடேறி, சடசடவென்று வெடித்து நாலு பக்கமும் தெறித்தது. நாங்கள் எல்லோரும் பின்னால் துள்ளினோம். அந்தோணி மட்டும் வைத்த கையை எடுக்கவில்லை. சத்தியத்தைக் கடைசி வரிவரை சொல்லி முடித்தார். சொல்வதற்கு முன்னால், "ஃபாதர், சத்தியம் இன்னும் பண்ணலயே, அந்தப் போத்தல் சும்மாதானே கெடக்குது" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தது உண்மைதான். போத்தல் என் கணவருடைய டிஸ்பென்சரிக்குப் போயிற்று, ஊசி கழுவ.

திரிக்காக அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மத்தியானம் மெழுகு படிந்த மீன் சட்டி அத்தையின் கையில் வழுக்கியது. அதற்காகத்தான் மூன்று நாள் பேசவில்லை. அடுத்த வாரம் என் கணவர் ஆபீசிலிருந்து அசல் அரக்கு கொண்டுவர, அத்தை பிடித்துக்கொள்ள நான் ஒட்டினேன். நடுவில் தடியாக ஒரு சிவப்பு வளையம், பார்க்க ரிஜிஸ்தர் தபால் மாதிரி இருந்தது. அந்தோணி அதன் பிறகு குடிக்கவே இல்லை. கேட்பவர்களுக்கெல்லாம், "மத்தவன் பண்ணுனது மெழுகுச் சத்தியம், உருகிப் போச்சு. நம்மளுது டாக்டரம்மா அரக்கு வச்சு ஒட்டுனது" என்பார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் எது உடைந்தாலும், "கல்லு அரக்கு சொல்லி அனுப்பவா?" என்று என் பிள்ளைகள்தான் முதலில் கேட்கிறார்கள்.

பியதாச விஷயம் மட்டும் தீரவில்லை. திங்கட்கிழமையே அவரிடம் என் மூன்று சிங்களச் சொற்களையும் கையையும் காலையும் வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். "ஹரி நோனா, ஹரி" என்று அன்பாகத் தலையாட்டினார். நான் குடிக்கிறவள் இல்லை என்று சத்தியம் செய்தேன். குடிக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். மறுநாளிலிருந்து பாணோடு ஒரு எலுமிச்சங்காயும் தர ஆரம்பித்தார், தலைவலிக்கு நல்லதாம்.

ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு காலையில் அத்தை வாசலில் பாண் வாங்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளே கதவுக்குப் பின்னால். பியதாச குரலைத் தாழ்த்தி, "அம்மா, நோனா இப்ப எப்படி? விட்டாச்சா?" என்று கேட்டார்.  சாராயம் என்ற சொல்லைக் கேட்டாலே செபமாலையைத் தேடுகிற அத்தை, என் நினைவில் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசியிராத அத்தை, பாணைக் கூடையில் வைத்துவிட்டு, பெருமூச்சு விட்டார்.

"இவளத் திருத்த முடியல மாத்தயா," என்றார். "நானும் சேந்துக்கிட்டேன்."

மறுநாளிலிருந்து பாணோடு இரண்டு எலுமிச்சங்காய் வந்தது.